ஓடுபாதையில் ஒரு வெள்ளைப் புள்ளடி

1

எங்கள் வெங்காயத் தோட்டத்தில் ஒரு விமானம் இறங்க வந்து இந்த ஞாயிற்றுக்கிழமையோடு ஒரு வருஷம் ஆகிறது.

ஊரிலிருந்து எழுதுகிறவர்கள் லண்டனில் என்ன செய்கிறாய் என்று கேட்கிறார்கள். சாமான் ஏற்றுகிற வான் ஓட்டுகிறேன் என்றால் நம்புகிறார்கள். வெங்காயம் போடுகிறேன் என்றால் பகிடி விடுகிறேன் என்று நினைக்கிறார்கள். அதுவும் விமானம் ஓடிய நிலத்தில் என்று எழுதியதும், குளிரில் உன் புருஷனுக்கு மூளை கலங்கிவிட்டதா என்று கேட்டு என் மாமியார் பவளத்துக்கு எழுதியிருந்தார். பவளம் என் மனைவி. அவள் அதை எனக்கு உரக்க வாசித்துக் காட்டிவிட்டு, "அம்மா கேக்கிறதிலையும் பிழையில்லை" என்றாள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்கம் எழுத எனக்குப் பொறுமையில்லை. ஆகவே எல்லோருக்குமாக ஒரேயடியாக இதை எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன். அதற்குப் பிறகு ஒரு இடத்தில் நின்றவனில்லை. கிரேக்கக் கப்பலில் உருளைக்கிழங்கு உரித்தேன். ஜெர்மனியில் ஒரு முகாமில் இருந்தேன். பாரிஸில் சுரங்க ரயில் நிலையத்துக்குள் பூ விற்றேன். எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்து, பெற்றோல் ஷெட், பேக்கரி, ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதி என்று மாறி மாறிப் போனேன். எங்கேயும் யாரும் என்னைத் துரத்தவில்லை. எனக்கே கால் அரிக்கத் தொடங்கிவிடும். வேலை போனதென்று நான் கவலைப்பட்டதில்லை. கவலைப்பட்டது பவளம்தான்.

2

இப்போது நான் கோலியர்ஸ் வுட்டில் ஒரு தமிழர் நடத்தும் மொத்தக் கடைக்கு வான் ஓட்டுகிறேன். மோர்டன், மிச்சம் என்ற ஊர்களின் சின்னக் கடைகளுக்குச் சாமான் இறக்குவது வேலை. வியாழக்கிழமைகளில் மட்டும் லண்டனின் தெற்கு விளிம்பில் இருக்கும் ஒரு பண்ணைக்குப் போய் முட்டை ஏற்றி வருவேன். வீடுகள் முடிந்து வேலிகள் தொடங்குகிற இடம் அது.

பண்ணைக்காரி மிஸஸ் ஹார்ப்பர் எழுபதை நெருங்குகிறவர். எந்தப் பருவத்திலும் முழங்கால் வரை ரப்பர் சப்பாத்து. பேச்சு குறைவு. அவருடைய கோழிக்கூட்டுக்குப் பின்னால் நாடாவைப்போல நீளமும் ஒடுக்கமுமாக ஒரு புல்வெளி கிடந்தது. இரண்டு பக்கமும் கோதுமை. நடுவில் இது மட்டும் சும்மா. அதன் ஒரு அந்தத்தில், களஞ்சியத்தின் முன்னால், கொங்கிறீட் தளம். முதல் நாள் அதைப் பார்த்தபோது, இவ்வளவு நல்ல நிலத்தை யார் பாழாக விட்டது என்றுதான் நினைத்தேன்.

"என் புருஷன் பறந்தார். நான் கோழி பார்த்தேன்" என்றார் அவர். அவ்வளவுதான் விளக்கம்.

மீதியை நான் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். பண்ணை அவருடைய தகப்பன் வழி வந்தது. புருஷனுக்கு விமானப் பைத்தியம். தகப்பனுடைய நல்ல கோதுமை வயலை நடுவால் பிளந்து சொந்த ஓடுபாதை போட்டார். குறுக்கே மழைத்தண்ணீர் வடிந்து ஓடிய கானைக் கல்லும் செங்கலும் கொட்டி மூடினார். ஒவ்வொரு இளவேனிலும் பாரமான உருளையை இழுத்து நிலத்தை இறுக்கினார். அவர் இறந்து சில வருஷங்களாக அங்கே விமானம் இல்லை. புல்லை மட்டும் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு நிலம் கண்ணில் பட்டதே ஒழிய, அதில் என்ன செய்வதென்று தெரியாது. தெரிந்தவர் பொன்னுத்துரை அண்ணை. அவர் ஊரில் வெங்காயமும் புகையிலையும் செய்தவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இங்கே வந்து, மிச்சம் பகுதியில் எங்கள் வீட்டு மேல்மாடியில் தனியாக இருந்தார். மனைவி இன்னும் கொழும்பில். கடைக்கு வருகிற சின்ன வெங்காய மூட்டைகளை அவிழ்த்து, பாதி அழுகியதை அள்ளி எறிவது அவருக்குக் கிடைத்த வேலை. எறியும்போதெல்லாம் யாரையோ திட்டுவார்.

ஒரு வியாழக்கிழமை அவரை வானில் ஏற்றிக்கொண்டு போனேன். அவர் ஓடுபாதையின் ஒரு தலைப்பிலிருந்து மறு தலைப்புக்கு நடந்தார். குதிக்காலால் நிலத்தை உதைத்தார். திரும்பி வந்து, "அம்பது பரப்பு, மூண்டு ஏக்கர் வரும் தம்பி. ஆனா நிலம் செத்துப்போய்க் கிடக்கு" என்றார்.

"அப்ப விடுவமே?"

"செத்துப்போச்சு எண்டுதான் சொன்னனான். விடச் சொன்னனானே?"

மிஸஸ் ஹார்ப்பர் உடனே சம்மதிக்கவில்லை. அந்த நிலத்தைக் கேட்டுக்கொண்டு இன்னொருவரும் இருந்தார். டெரிக் என்று புருஷனுடைய பறக்கும் கூட்டாளி. இப்போது தன் விமானத்தைத் தூரத்தில் எங்கோ வாடகைக்கு நிறுத்தியிருக்கிறார். அந்த ஓடுபாதையை அப்படியே தன்னிடம் தரும்படி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் மிஸஸ் ஹார்ப்பர் ஒரு முடிவு சொன்னார். அடுத்த ஆவணி முடியும்வரை நிலம் எங்களுக்கு. அதற்குள் இந்த நிலத்தில் ஒரு விளைச்சலை அவர் கண்ணால் காண வேண்டும். கண்டால் ஐந்து வருஷக் குத்தகை. காணாவிட்டால் திரும்பவும் புல் விதைத்து டெரிக்கிடம் கொடுப்பார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். பவளம் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"இதிலையாவது ஒரு வருஷம் நில்லுங்கோ பாப்பம்" என்றாள். "நீங்கள் விட்டுட்டு ஓடினால் எனக்குப் பழக்கம். மேல்மாடியில இருக்கிற அந்த மனுசன் தாங்காது."

3

நிலத்தில் கை வைக்க முன்னரே கவுன்சிலிலிருந்து ஒரு பெண் வந்தார். டெரிக் விசாரித்திருக்கிறார்: ஓடுபாதையை இப்படி மாற்ற அனுமதி எடுத்தார்களா என்று. இந்த நாட்டில் வீட்டுக் கூரையில் ஒரு ஜன்னல் வைக்கவே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே எங்கள் கதை தொடங்க முன்னரே முடிந்தது என்று நினைத்தேன்.

மொழிபெயர்க்க மகள் சுகியைக் கூட்டிப் போனோம். அவளுக்கு அப்போது பதினான்கு வயது. மூன்று வயதில் இங்கே வந்தவள். நாங்கள் பேசுகிற தமிழ் அவளுக்கு விளங்கும். ஆனால் பதில் ஆங்கிலத்தில்தான் வரும். அப்பா, அம்மா, மாமா என்ற மூன்று சொற்கள் மட்டும் தமிழில் தப்பி நிற்கும். சனிக்கிழமை சிநேகிதிகளோடு கடைத்தெருவுக்குப் போகவிடாமல் மறித்துக் கூட்டி வந்ததால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள்.

கவுன்சில் பெண் நிலத்தைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார், பிறகு ஒரே மூச்சில் ஏதோ சொன்னார். சுகி அதை எங்களுக்கு விளங்குகிற இலகு ஆங்கிலத்தில் சுருக்கினாள்: "அப்பா, ஓடுபாதை போடத்தான் அனுமதி வேண்டும். விவசாயம் செய்ய யாரையும் கேட்கத் தேவையில்லை."

பொன்னுத்துரை அண்ணை, "இன்னொருக்காக் கேள் பிள்ளை" என்றார்.

கேட்டாள். அதே பதில்.

"தோட்டத்தை ஓடுபாதை ஆக்கிறதெண்டால் கேக்கோணும். ஓடுபாதையைத் தோட்டம் ஆக்கிறதெண்டால் கேக்கத் தேவையில்லை. அப்பிடித்தானே?"

"யெஸ் மாமா. ஹவ் மெனி டைம்ஸ்!"

அண்ணை தலையைக் குனிந்து சிரித்தார். "எங்கட ஊரில மறுவளம்" என்றார். அதைச் சுகி மொழிபெயர்க்கவில்லை.

ஊரில் அவருடைய பன்னிரண்டு பரப்புத் தோட்டமும் கிணறும் இப்போது ராணுவ விமானத்தளத்தின் கம்பிவேலிக்கு உள்ளே இருக்கின்றன. யாரும் அவரிடம் கேட்கவில்லை. அதைப்பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். பேசினாலும் கிணற்றைப் பற்றித்தான் பேசுவார். நல்ல தண்ணீராம்.

4

செத்த நிலத்தை எழுப்பியது இப்படித்தான். பக்கத்துப் பண்ணைக்காரர் தன் உழவு இயந்திரத்தில் ஒற்றைக் கொழுவைப் பூட்டி ஆழமாகக் கிழித்தார். கொழு பல இடங்களில் இறங்காமல் துள்ளியது. உருளை இறுக்கிய இறுக்கம். கிழிந்த இடங்களில் நாங்கள் மண்வெட்டியோடு இறங்கினோம்.

ஊரில் குழை தாழ்ப்பது உங்களுக்குத் தெரியும். பூவரசும் கிளுவையும் வெட்டிப் போட்டுப் புதைப்பார்கள். இங்கே பூவரசுக்கு எங்கே போவது? கார்த்திகை மாதத்தில் மிச்சம் தெருக்கள் முழுக்க மரங்கள் தாமாகவே இலையைக் கொட்டின. அண்ணை சாக்கோடு போய் நடைபாதையில் கூட்டி அள்ளினார். எதிர்வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் அவரைக் கவுன்சில் ஆள் என்று நினைத்து, இரண்டு கிழமையாகத் தன் குப்பை எடுக்கவில்லை என்று சத்தம் போட்டார். அண்ணைக்கு விளங்கியது பாதி. "ஓகே, ஓகே" என்று சொல்லி, கிழவரின் குப்பைப் பையையும் தூக்கி வானில் போட்டுவிட்டார். அதன் பிறகு அந்தக் கிழவர் எங்களைக் காணும்போதெல்லாம் கவுன்சிலைப் புகழ்ந்தார்.

மாரி முழுக்கச் சனி, ஞாயிறுகளில் இலை புதைத்தோம். மழை பெய்தது, விரல் விறைத்தது, முதுகு பிடித்தது. வேலை என்றால் அப்படித்தான். ஜெர்மனி முகாமில் சும்மா இருந்த நாட்களைவிட எவ்வளவோ மேல்.

பங்குனியில் விதை வெங்காயம் நட்டோம். அண்ணை கயிறு பிடித்துப் பாத்தி கட்டினார். அளந்து வெட்டியதுபோல வரம்பு, வாய்க்கால், மடை. பார்க்க அசல் யாழ்ப்பாணம். சித்திரையில் சில நாட்கள் வெயில் எறித்தது. உடனே அவருக்குக் கை துறுதுறுத்தது.

"மூண்டு நாளைக்கு ஒருக்காத் தண்ணி கட்டோணும் தம்பி. வெங்காயம் காயப்படாது."

ஒரு சின்னப் பம்ப் வாங்கிப் பண்ணைக் குளத்திலிருந்து இறைத்தோம். நான் மெஷினில், அவர் மடை மாறினார். அவர் அன்றுபோல முன்பு சிரித்ததை நான் காணவில்லை. பிறகு மழையும் சேர்ந்துகொண்டது. ஆனால் அவர் முறை தவறவிடவில்லை.

எங்கள் ஊர்ச் செம்மண்ணில் ஊற்றுகிற தண்ணீர் கண் முன்னே கீழே போய்விடும். அடியில் இருப்பது பொந்து விழுந்த சுண்ணாம்புக் கல். அங்கே பிறந்தவனுக்குத் தண்ணீர் போதாமல் பயிர் சாகும் என்று தெரியுமே தவிர, தண்ணீர் போகாமல் சாகும் என்று தோன்றாது. இங்கே களிமண். அதற்கும் கீழே உருளை இறுக்கிய தட்டு. இரண்டாம் கிழமை பாத்திகளில் வானம் தெரிந்தது. வெங்காயத் தாள் மஞ்சளாகி, பிடித்து இழுத்தால் வழுவழு என்று கையோடு வந்தது.

மிஸஸ் ஹார்ப்பர் வரம்பில் வந்து நின்று பார்த்தார்.

"நெல்லா போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

அண்ணைக்கு நான் மொழிபெயர்த்தேன். அவர் ஒரு அழுகிய வெங்காயத்தைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு, "அந்த மனுசி கேக்கிறது நியாயம்தான்" என்றார். அன்று வீட்டுக்கு வரும் வழியில் எனக்குப் பழைய கால் அரிப்பு தொடங்கியது. மான்செஸ்டரில் ஒரு துணி ஆலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. பவளம் சொன்னதும் நினைவுக்கு வந்தது. மான்செஸ்டரை மறந்தேன்.

அடுத்த முறை மிஸஸ் ஹார்ப்பர் ஒரு தடியோடு வந்தார். ஓடுபாதையின் நடுவில், இரண்டு வேலிகளையும் பார்த்து மட்டுக்கட்டி, ஓரிடத்தில் தடியைக் குத்தினார். "என் அப்பாவின் கான் இதற்குள்ளேதான் இருக்கிறது" என்றார். "திறவுங்கள்."

மூடிய கானைக் குறுக்கு வளமாக இரண்டு கிழமை முடிவுகளில் திறந்தோம். உதவிக்கு மிச்சத்திலிருந்து இரண்டு தமிழ்ப் பெடியள் வந்தார்கள். நெஞ்சு மட்டத்துக்கு நேர்ச் சுவராக இறக்கியதைப் பார்த்து மிஸஸ் ஹார்ப்பர், இவ்வளவு வேகமாக வெட்ட எங்கே பழகினீர்கள் என்று கேட்டார். பெடியளில் ஒருவன் என்னிடம், "பங்கர் வெட்டின கை எண்டு சொல்லண்ணை" என்றான். நான் பழக்கம் என்று மட்டும் சொன்னேன். கடைசிச் செங்கல்லைப் பிடுங்கியதும் தண்ணீர் சலசலவென்று இறங்கிப் போனது. மிஸஸ் ஹார்ப்பர் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நீண்ட நேரம் நின்றார்.

பாதி வெங்காயம் போய்விட்டது. பாதி தப்பியது. அண்ணை பம்பைக் களஞ்சியத்தில் வைத்துப் பூட்டி, திறப்பை என்னிடம் தந்தார். "நான் கேட்டாலும் தராதை" என்றார்.

5

வைகாசியில் டெரிக் வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். உயர்ந்த, ஒல்லியான மனிதர். காற்சட்டை மடிப்புக் கலையாமல் வரம்பில் கவனமாகக் கால் வைத்து நடந்தார். இந்த நிலத்தில் ஒன்றும் விளையாது, தன் கூட்டாளி இருபது வருஷம் உருட்டிய நிலம் என்று மரியாதையாகச் சொன்னார். பிறகு வேறொன்று சொன்னார். அதைச் சுகிதான் எங்களுக்கு விளங்கப்படுத்தினாள்.

சின்ன விமானம் ஓட்டுகிறவர்களுக்கென்று ஒரு புத்தகம் இருக்கிறதாம், வரைபடமும் இருக்கிறதாம். எந்தப் பண்ணையில் எவ்வளவு நீளத்தில் ஓடுபாதை என்று அதில் போட்டிருக்கும். இந்தப் பண்ணையும் அதில் இன்னும் இருக்கிறது. பாத்திகளும் கானும் வானத்திலிருந்து தெரியாது. யாராவது நம்பி இறங்கினால் கவிழ்ந்து சாவான். ஆகவே மூடிய ஓடுபாதை என்பதற்கு அடையாளமாக வெள்ளையில் பெரிய குறுக்குக் கோடு போட வேண்டும்.

அவர் சப்பாத்து நுனியால் மண்ணில் கீறிக் காட்டினார். ஒரு புள்ளடி. நாங்கள் வாக்குச்சீட்டில் போடுகிறது. என் பள்ளிக்கூடக் கொப்பிகளில் வாத்தியார் மாறி மாறிப் போட்டதும் அதுதான்.

களஞ்சியத்தில் கிடந்த தடித்த வெள்ளைப் பிளாஸ்ரிக் விரிப்பை நீளத் துண்டுகளாக வெட்டி, இரண்டு தலைப்பிலும் புள்ளடி போட்டு, முளை அடித்தோம். பவளம் வந்து பார்த்தாள். "என்ன பொன்னுத்துரை அண்ணை, வேதத்துக்கு மாறிட்டியளோ?" என்றாள்.

"சரிஞ்ச சிலுவை, பிள்ளை. அரைவாசிதான் மாறினது" என்றார் அவர்.

அந்த நேரம் சுகி டெரிக்கிடம் எதையோ ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் கைகளைத் தூக்கித் தலைக்கு மேலே குறுக்காகப் பிடித்துக் காட்டினார். அவளும் செய்து பார்த்தாள். எங்களிடம் ஒரு கேள்வியும் கேட்காத பிள்ளை ஒரு வெள்ளைக்காரக் கிழவனோடு இவ்வளவு கதைக்கிறாளே என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.

6

ஆடி முடிய வெங்காயம் கிளப்பினோம். ஊரில் ஒரு பரப்பில் எடுக்கிற விளைச்சலோடு ஒப்பிட்டால் பெரிதில்லை. ஆனால் விளைச்சல்தான். சிவந்து, திரண்டு, மூக்கில் காரம் ஏறுகிற வெங்காயம். காய வைக்க இடம் தேட வேண்டியிருக்கவில்லை. களஞ்சியத்தின் முன்னால் கொங்கிறீட் தளம் வெயிலில் சுட்டுக்கொண்டு கிடந்தது. ஊர்த் தார் றோட்டில் பரப்புவதுபோலப் பரப்பினோம். கையால் ஒன்றும் செய்ய ஏலாதென்று உடைக்காமல் விட்ட ஓடுபாதைத் துண்டு அதுதான். கடைசியில் அதுவே உதவியது. அந்த ஞாயிறு மத்தியானம் மிஸஸ் ஹார்ப்பர் வந்து விளைச்சலைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். ஆவணியில் எங்களுக்கு எஞ்சியிருந்த கடைசி ஞாயிறு அது.

சனிக்கிழமை பின்னேரம் மேகம் கறுத்தது. நான் வானோடு மோர்டனில். அண்ணை தனியே தோட்டத்தில். காய்ந்த வெங்காயம் நனைந்தால் எல்லாம் வீண். மூட ஒன்றும் இல்லை. கண்ணில் பட்டது அந்த வெள்ளை விரிப்பு. இரண்டு தலைப்பிலும் முளையைப் பிடுங்கி, இழுத்துக்கொண்டு வந்து வெங்காயத்தை மூடினார். அவருடைய இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். மழை பெய்தது. ஒரு வெங்காயமும் நனையவில்லை.

ஞாயிறு காலை வெயில். விரிப்பை நீக்கிச் சுருட்டி வேலியோரம் வைத்தோம். திரும்பப் போட வேண்டும் என்று எவருக்கும் ஞாபகம் வரவில்லை. அன்று பவளம், சுகி, கான் வெட்டின இரண்டு பெடியள் எல்லோரும் வந்திருந்தார்கள். நாங்கள் தோட்டத்தின் நடுவில் கானுக்குப் பக்கத்தில் தவறிய வெங்காயம் பொறுக்கினோம். வெறுமையான பாத்திகளைப் புல் மூடியிருந்தது. மேலிருந்து பார்த்தால் பழைய ஓடுபாதை மாதிரித்தான் இருந்திருக்கும். சுகி மட்டும் தூரத்தில் கொங்கிறீட் தளத்தில், காதில் வோக்மனை மாட்டிக்கொண்டு வெங்காயத்தைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

சத்தம் மேற்கிலிருந்து வந்தது. வழக்கமாக உயரத்தில் போகிற சத்தம் இல்லை. இறங்கி வருகிற சத்தம்.

நான் ஊரில் பார்த்தது ஹெலி மட்டும். அண்ணையும் பெடியளும் பார்த்தது குண்டு போடுகிற பொம்மர். ஆனால் அந்த நேரம் வித்தியாசம் ஒன்றும் இருக்கவில்லை. "விழுங்கோ!" என்று அண்ணை கத்தியது கேட்டது. அடுத்த கணம் நாங்கள் ஐந்து பேரும் கானுக்குள். பவளம் என் முதுகின் மேல். எனக்கு வாய் முழுக்கச் சேறு. லண்டனில் இருக்கிறேன், இது ஆவணி, இது ஞாயிற்றுக்கிழமை என்பதெல்லாம் மூளைக்குத் தெரியும். உடம்புக்குத் தெரியவில்லை.

மகள் எங்கே என்று தலையைத் தூக்கினேன். தலைக்கு மேலே ஒரு சோடிச் சிவப்புச் சப்பாத்து பறந்தது. சுகி ஓடி வந்து கானைத் தாண்டிக் குதித்தாள். நாங்கள் விமானத்துக்கு ஒளித்து விழுந்தோம். அவள் விமானத்தை நோக்கி ஓடினாள்.

"சுகி! படு! கீழ படு!" என்று பவளம் அலறினாள்.

அவள் படுக்கவில்லை. பாத்திகளின் நடுவில் கால்களை அகட்டி ஊன்றி நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் குறுக்காகப் பிடித்தாள். வெள்ளை பிளவுஸ் போட்டிருந்தாள். விமானம் வேலி மட்டத்துக்கு வந்துவிட்டது. சில்லுகள் தெரிந்தன. கண்ணாடிக்குப் பின்னால் மனித முகம் தெரிந்தது. அவள் அசையவில்லை. கைகளை விரிப்பதும் திரும்பக் குறுக்காகப் பிடிப்பதுமாக நின்றாள்.

இயந்திரம் உறுமியது. மூக்கு மேலே எழும்பியது. காற்று எங்கள் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. களஞ்சியத்துக்கு மேலால் ஏறி, ஒரு வட்டமடித்து, தாண்டிப் போகும்போது செட்டைகளை இரண்டு பக்கமும் ஆட்டிவிட்டு அந்த விமானம் போய்விட்டது.

நாங்கள் ஒவ்வொருவராக ஏறி வெளியே வந்தோம். பிறகுதான் கானைத் திரும்பிப் பார்த்தேன். விமானத்திலிருந்த அந்த மனிதர் இறங்கியிருந்தால் சில்லு வந்து விழுந்திருக்கும் இடம் அதுதான். லண்டன் முழுக்கத் தேடினாலும் ஒளிக்க அதைவிட மோசமான இடம் கிடைத்திராது.

அண்ணை சேற்றை வழித்துக்கொண்டு சுகியிடம் போனார்.

"ஏன் பிள்ளை நீ ஓடி ஒளிக்கேல்லை?"

அவள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். சேறு பூசிய ஐந்து பேர். பிறகு, அதிசயமாக, தமிழில் சொன்னாள்.

"ஏன் ஒளிக்கோணும் மாமா? அவர் இறங்கத்தானே வந்தவர்."

"ஓம் பிள்ளை" என்றார் அண்ணை. "ஓம். இறங்கத்தான் வந்தவர்."

7

மிஸஸ் ஹார்ப்பர் குசினி ஜன்னலால் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். ரப்பர் சப்பாத்தோடு ஓடி வந்து, முதலில் சுகியின் தோளைப் பிடித்தார். பிறகு எங்களைப் பார்த்து, "நீங்கள் எல்லோரும் ஏன் என் அப்பாவின் கானுக்குள் படுத்திருந்தீர்கள்?" என்று கேட்டார்.

எனக்கு ஆங்கிலம் வரவில்லை. சுகிதான் பதில் சொன்னாள். கேள்விக்குத் தேவையானதைவிட நீளமான பதில். எனக்குப் பாதிதான் பிடிபட்டது. ஆனால் அதில் ஊரின் பேர் வந்தது, அண்ணையின் கிணறு வந்தது. நாங்கள் அவளை உட்கார வைத்து அதையெல்லாம் சொல்லிக் கொடுத்ததில்லை. அவள் கேட்டதுமில்லை. இத்தனை காலமும் காதில் வோக்மனோடு இருந்த பிள்ளை எப்போது இதையெல்லாம் கேட்டாள் என்று பவளமும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

மிஸஸ் ஹார்ப்பர் கொங்கிறீட் தளத்துக்குப் போனார். ஒரு கை வெங்காயத்தை அள்ளி, தோலைத் தேய்த்து, முகர்ந்தார். திரும்பி வந்து பொன்னுத்துரை அண்ணையிடம் கையை நீட்டினார். அண்ணை தன் சேற்றுக் கையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைக்கப் பார்த்தார். மிஸஸ் ஹார்ப்பர் காத்திருக்காமல் பிடித்துக் குலுக்கினார். எங்கள் குத்தகை அதுதான். வக்கீல் காகிதம் பிறகு வந்தது.

டெரிக் அடுத்த வியாழக்கிழமை வந்தார். புத்தகக்காரருக்கும் வரைபடக்காரருக்கும் தானே தொலைபேசியில் சொல்லிவிட்டதாகச் சொன்னார். அடுத்த பதிப்பில் இந்தப் பண்ணை இருக்காது. ஒரு தரம் எடுத்தால் எடுத்ததுதான், இனித் திரும்பப் போடமாட்டார்கள் என்று ஓடுபாதையைப் பார்த்தபடி சொன்னார். அது எங்களுக்காகச் சொன்னதல்ல. போகும்போது ஒரு பை வெங்காயம் கொடுத்தேன். "ஒன்றும் விளையாது என்று சொன்னேன், இல்லையா?" என்றார். "ஓம், சொன்னீர்கள்" என்றேன். அவர் சிரித்தார். சுகியைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

இந்த வருஷம் வெங்காயம் முழுதாகத் தப்பியிருக்கிறது. கொஞ்சம் பூசணியும் கீரையும் போட்டிருக்கிறோம். பம்பின் திறப்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அண்ணை இரண்டு தரம் கேட்டார். கொடுக்கவில்லை. அவருடைய மனைவிக்கு விசா கிடைத்துவிட்டது. வருகிற மாதம் வருகிறார். சுகி விமானம் ஓட்டப் படிக்கப் போகிறேன் என்று ஒரு கதை தொடங்கியிருக்கிறாள். பவளம் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் ஒரே இடத்தில் இவ்வளவு காலம் நின்றது பவளத்துக்கே நம்ப முடியாமல் இருக்கிறது. கால் அரிக்கவில்லையா என்று கேட்கிறாள். அரித்தால் தோட்டத்தின் ஒரு தலைப்பிலிருந்து மறு தலைப்புக்கு நடந்துவிட்டு வருகிறேன். அவ்வளவு நீளம் எனக்குக் காணும்.

பழைய வரைபடங்கள் இன்னும் எத்தனையோ பேருடைய பைகளில் இருக்கும் என்பதால், வெள்ளைப் புள்ளடிகளை நாங்கள் எடுக்கவில்லை. வெங்காயத்தை மூட வேறு விரிப்பு வாங்கியாயிற்று. போன கிழமை ஒரு விமானம் கொஞ்சம் தாழப் பறந்தது. மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் பொன்னுத்துரை அண்ணை ஓடினார். நானும் அவருக்குப் பின்னால் ஓடினேன். பழைய ஓட்டம்தான், அதே வேகம்தான். ஆனால் அண்ணை கானை ஒரே பாய்ச்சலில் தாண்டி, தோட்டத்தின் தலைப்பு வரைக்கும் ஓடிப்போய், புள்ளடியின் நாலு முளையும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு நிமிர்ந்து, வானத்தைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"போ ராசா" என்றார். "இஞ்ச வெங்காயம்."